புதிதாக வெளிநாடு போகிறவர்கள் அங்குள்ள போலீஸிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

வந்து சில மாதங்கள்தான் ஆகிறது, சீருடையைப் பார்த்தாலே படபடப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டனுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு நண்பருக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போன அன்றுதான் அது குறைந்தது.

அவர் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பேருந்து நிறுத்தத்தில் யாரோ போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். நண்பருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான் எடுத்துச் சொல்லலாம் என்று கூடவே போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி என்னை மொழிபெயர்க்க விடவில்லை. மேஜைமேல் போனை ஸ்பீக்கரில் வைத்து, எங்கிருந்தோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தபோது புரிந்தது. கூட வந்தவன் உதவ வந்தவனா, மிரட்டிக் கூட்டிவந்தவனா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எழுதிய வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் சொல்ல வைத்தார். 'நீலச் சட்டை' என்று வந்தபோது நண்பர் தயங்கித் தயங்கி, "சட்டை இல்லை, ஜாக்கெட்" என்றார். அதிகாரி முகம் சுளிக்காமல் அடித்துத் திருத்தி, அந்த இடத்திலும் கையெழுத்து வாங்கினார். போன் கடைசிவரை கிடைக்கவில்லை. புகாருக்கு ஓர் எண் கொடுத்தார்கள். இன்சூரன்ஸில் பணம் கேட்க அதுதான் உதவியது.

சின்னத் திருட்டென்றால் எங்கேயும் பெரும்பாலும் இவ்வளவுதான் நடக்கும். பொருள் திரும்பி வரும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகத்திலும் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று 2010லேயே விதி வந்துவிட்டது.

போலீஸ் உங்கள் வண்டியை நிறுத்தினால் நடந்துகொள்ளும் முறை நாட்டுக்கு நாடு மாறும், இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் கதவைத் திறந்து இறங்கி அவரை நோக்கி நடக்காதீர்கள். உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வையுங்கள். லைசென்ஸ் பையிலோ டேஷ்போர்டிலோ இருந்தால், எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். பிரிட்டனில் லைசென்ஸ் கையில் இல்லையென்றால், 7 நாளுக்குள் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டச் சொல்லலாம். ஜப்பானில் அந்த வசதியெல்லாம் கிடையாது. அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம்' என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சாதாரண அபராதத்தோடு முடிய வேண்டியது, நீங்கள் நோட்டை நீட்டிய நொடியில் லஞ்ச வழக்காகிவிடும். அதேபோல், போனில் கூப்பிட்டு 'உங்கள்மேல் வழக்கு இருக்கிறது, உடனே பணம் அனுப்பு' என்பவன் போலீஸ் இல்லை. வைத்துவிடுங்கள்.

ஒருவேளை கைது செய்தால், இரண்டு வார்த்தை போதும்: வக்கீல், தூதரகம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுப்படி, நீங்கள் கேட்டால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும். தூதரகம் வந்து உங்களை வெளியே எடுத்துவிடாது. ஆனால் வீட்டுக்குச் செய்தி போகும், வக்கீல்கள் பட்டியல் கிடைக்கும். ஜப்பானில் குற்றம் சாட்டுவதற்கு முன்பே 23 நாள்வரை உள்ளே வைக்க முடியும். அந்த மாதிரி இடத்தில் அந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் கவலை வீட்டுக்குள் அடிபடுகிறவர்களைப் பற்றித்தான். 'போலீஸுக்குப் போனால் உன் விசா போய்விடும்' என்று மிரட்டியே வாயை அடைத்துவிடுகிறார்கள். புகார் கொடுத்ததற்காக விசா தானாக ரத்தாகாது. பிரிட்டனில் துணைவர் விசாவில் வந்தவர்கள், வன்முறையால் உறவு முறிந்தால், நாட்டில் தனியாகத் தங்கும் அனுமதியை உள்துறை அலுவலகத்திடம் (ஹோம் ஆபீஸ்) கேட்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் விசாரணைக்கு உதவும் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2000இல் 'யு விசா' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். காகிதங்களில் சிக்கல் இருந்தால், முடிந்தவரை முதலில் ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் காத்திருக்காதீர்கள்.

அவசர எண்ணை இன்றே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112, அமெரிக்கா, கனடாவில் 911, ஆஸ்திரேலியாவில் 000, பிரிட்டனில் 999. பிரிட்டனில் அவசரமில்லாத விஷயத்துக்கு 101. பக்கத்தில் ஆள் நிற்கிறார், வாய் திறந்து பேச முடியாது என்றால், செல்போனிலிருந்து 999 அழைத்து, கேட்கும்போது 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். அதை வைத்து உங்கள் இடத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, அதனால் முடிந்தால் முகவரியை மட்டுமாவது மெல்லச் சொல்லிவிடுங்கள்.