சுஸுகி லாபன்: மூன்று தலைமுறைகளில் என்ன மாறியது?

லாபனின் மூன்று தலைமுறைகளும் ஒரே கார் போலத்தானே தெரிகின்றன, உண்மையில் என்ன மாறியது என்பது கேள்வி. தோற்றத்தில் கொஞ்சம்தான். உள்ளே நிறைய.

லாபன் ஜப்பானின் 'கேய்' வகைக் கார். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இவற்றைத் தாண்டக் கூடாது. 2002-இல் ஆல்ட்டோவின் அடித்தளத்தில் வந்த முதல் லாபன் பெட்டி போல இருக்கும். கூரை தட்டை, முனைகள் மட்டும் மழுங்கல், முன்பக்கத்தில் முயல் சின்னம். இளம்பெண்களை மனதில் வைத்துச் செய்த கார்தான். ஆனாலும் 64 குதிரைத்திறன் டர்போவோடு (இன்ஜினின் திறனைக் கூட்டும் அமைப்பு) எஸ்எஸ் என்றொரு வகை வந்தது. என்னைக் கேட்டால் மூன்றிலும் சுவாரசியமானது அதுதான். முதல் லாபனையே மாஸ்டா நிறுவனம் ஸ்பியானோ என்ற பெயரில் விற்றது.

2008-இல் வந்த இரண்டாவது, முதலாவதை மெருகேற்றியது, அவ்வளவே.

பெரிய மாற்றம் 2015-இல். புதிய இலகு அடித்தளத்தால் எடை நன்றாகக் குறைந்தது, எரிபொருள் சிக்கனம் கூடியது. டர்போ போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் டேஷ்போர்டு ஒரு சின்ன மேசை போல அமைந்தது. டிஷ்யூ பெட்டி வைக்க இழுப்பறைகூட உண்டு! அப்புறம் 2022-இல் எல்சி என்றொரு வகை வந்தது. அதன் முகம் 1967-இன் சுஸுகி ஃப்ரான்டேயை ஒட்டி வரைந்தது. பொதுவான 'பழைய பாணி' என்றில்லாமல், சுஸுகி தன் சொந்தக் காரையே முன்மாதிரியாக எடுத்தது இதில்தான்.