பயோ டேட்டாபேஸ்ல இருந்து வாற டேட்டாவுக்கு கிளாஸ் எழுதுறது எப்பிடி? கேள்வியும் பதிலும்

நான் கொழும்பில ஒரு லேப்ல தலசீமியா எண்ட பரம்பரை இரத்த நோய் சம்பந்தமான ஜீன் டேட்டாவோட வேலை செய்யிறன். என்.சி.பி.ஐ., என்செம்பிள், யூனிப்ரொட் எண்டு ஜீன், புரோட்டீன் விபரம் சேர்த்து வச்சிருக்கிற மூண்டு டேட்டாபேஸ்ல இருந்து வாறதை ஒரே கோடுக்குள்ள கொண்டுவாறதுதான் நாளாந்த வேலை. கிளாஸ், அதாவது ஒரே வகை ஒப்ஜெக்டுகளுக்குக் கோடில எழுதுற அச்சு, அதை டிசைன் பண்றது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீங்கள், எனக்குத் தெரிஞ்ச அளவில சொல்றன்.

கேள்வி (கம்பஸ் கடைசி வருசம்): அக்கா, என்.சி.பி.ஐ. தாற எக்ஸ்.எம்.எல்.ல இருக்கிற டேக் ஒவ்வொண்டுக்கும் ஒரு கிளாஸ் எழுதிக்கொண்டு போறன், இப்பவே 40 தாண்டிட்டுது. சரியான வழியா இது?

பதில்: அதில நிப்பாட்டுங்கோ தம்பி. அந்த டேக் எல்லாம் அவை தங்கட வசதிக்கு அடுக்கி வச்சது, நாளைக்கு அவை மாத்தினா உங்கட 40 கிளாஸும் சேர்ந்து உடையும். முதல்ல ஒரு கொப்பியை எடுத்து, உங்கட லேப்ல இருக்கிறவை உண்மையில என்ன கேக்கினம் எண்டு எழுதுங்கோ. இந்த ஜீன் எங்க இருக்கு, இந்த மியூட்டேஷன் எந்த எக்சொன்ல (ஜீன்ர துண்டுகளில ஒண்டு) விழுது, அதால புரோட்டீன்ல என்ன மாறுது, இப்பிடித்தான் வரும். அந்தக் கேள்விக்குள்ள வாற பெயர்ச்சொல்தான் கிளாஸ்: ஜீன், டிரான்ஸ்கிரிப்ட் (ஜீன்ல இருந்து எடுக்கிற ஆர்.என்.ஏ. பிரதி), புரோட்டீன், வேரியன்ட் (டி.என்.ஏ.ல ஆளுக்கு ஆள் வாற மாற்றம்), லொகேஷன். தொடங்க அவ்வளவும் போதும். டேட்டாபேஸ்ல போய் எடுக்கிற வேலையை இந்த ஒப்ஜெக்டுகளுக்குள்ள வைக்காதேங்கோ, அதுக்கு வேற கிளாஸ். என்செம்பிள்காரர் தங்கட பேர்ல் லைப்ரரியில அதை அடாப்டர் எண்டு பிரிச்சு வச்சவை, ஜீனுக்கு ஒரு அடாப்டர், டிரான்ஸ்கிரிப்டுக்கு ஒண்டு. அந்த ஐடியா எந்த மொழிக்கும் பொருந்தும்.

கேள்வி: லொகேஷனுக்குத் தனி கிளாஸ் எதுக்கு? ஸ்டார்ட், எண்ட் எண்டு ரெண்டு இலக்கம் போதாதா?

பதில்: போதவே போதாது, இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன். சிக்கில் செல் மியூட்டேஷனை எடுங்கோ, அதின்ர பதிவு இலக்கம் ஆர்.எஸ்.334, ஹீமோகுளோபின் பீட்டா செய்யிற எச்.பி.பி. ஜீன்ல, 11ஆம் குரோமோசோம்ல இருக்கு. ஜி.ஆர்.சி.எச்.38 அசெம்பிளியில, அதாவது மனிச டி.என்.ஏ.யை அடுக்கி இலக்கம் போட்ட பதிப்பில, அதின்ர இடம் 5227002, பழைய ஜி.ஆர்.சி.எச்.37ல 5248232. ஒரே மியூட்டேஷன், இருபத்தோராயிரம் பேஸுக்கு (டி.என்.ஏ. எழுத்துக்கு) மேல தள்ளி நிக்குது. எங்கட லேப்ல ஒருக்கா 37 ஃபைலையும் 38 ஃபைலையும் தெரியாமல் சேர்த்து ஓடவிட்டு ஒரு வேரியன்ட்கூட பொருந்தாமல் மூண்டு நாள் தேடினம், எரர் எண்டு ஒண்டும் வரேல்ல, வராது, ஏனெண்டால் கொம்பியூட்டருக்கு ரெண்டும் வெறும் இலக்கம்தானே.

அதோட எண்ணுற முறையும் வேற. ஜென்பேங்க், ஜி.எஃப்.எஃப்., வி.சி.எஃப். எண்ட ஃபைல் வகை எல்லாம் 1ல இருந்து எண்ணும். பெட் ஃபைல் 0ல இருந்து எண்ணும், எண்ட் இலக்கத்தைச் சேர்க்காது, அதால இதே இடம் பெட்ல 5227001, 5227002 எண்டு வரும். பயோபைத்தன் எண்ட பைத்தன் லைப்ரரி ஜென்பேங்க் ஃபைலை வாசிக்கேக்க தானாவே 0 கணக்குக்கு மாத்திப்போடும், அது தெரியாமல் நீங்களும் ஒண்டைக் கழிச்சா ஒரு பேஸ் தள்ளிப்போகும்.

இன்னும் முடியேல்ல. எச்.பி.பி. மைனஸ் ஸ்ட்ராண்ட்ல, அதாவது டி.என்.ஏ.யின்ர ரெண்டு இழையில எதிர்ப்பக்க இழையில இருக்கு, அதால ஜீனோம் பக்கத்தில இருந்து பாத்தா டி இருந்த இடத்தில ஏ வந்திருக்கும், ஜீன் பக்கத்தில இருந்து வாசிச்சா ஏ இருந்த இடத்தில டி. புத்தகத்தில ஜி.ஏ.ஜி. ஜி.டி.ஜி. ஆகுது எண்டு படிச்சது இந்த ரெண்டாவது. ரெண்டும் சரி, ஆனா எந்தப் பக்கம் எண்டு ஒப்ஜெக்ட் சொல்லாட்டி வாசிக்கிறவர் பிழையாத்தான் எடுப்பார். அசெம்பிளி, குரோமோசோம், ஸ்டார்ட், எண்ட், ஸ்ட்ராண்ட், அஞ்சும் இல்லாமல் லொகேஷன் ஒப்ஜெக்ட் உருவாகவே கூடாது. வேற வேற அசெம்பிளியில இருக்கிற ரெண்டு லொகேஷனை ஒப்பிட்டா எரர் எறியவேணும்.

கேள்வி (வெள்ளவத்தை): ஜீன்.சீக்வென்ஸ் (ஜீன்ர எழுத்து வரிசை) எண்டு கேட்டா அப்பத்தான் நெட்ல போய் எடுக்கிற மாதிரி செய்திருக்கிறன். 500 ஜீனுக்கு லூப் போட்டா பாதியில எரர் வருதே?

பதில்: என்.சி.பி.ஐ. ஏ.பி.ஐ. கீ (உங்கட கோடு ஆற்ற எண்டு காட்டுற அடையாளச் சொல்) இல்லாட்டி செக்கனுக்கு 3 ரிக்குவெஸ்ட்தான் விடும், கீ இருந்தா 10. கீ சும்மா எடுக்கலாம், முதல்ல அதை எடுங்கோ. தேவைப்படேக்க எடுக்கிறது நல்ல பழக்கம்தான், 1ஆம் குரோமோசோம் மட்டும் கிட்டத்தட்ட 249 மில்லியன் பேஸ், அதைத் தேவையில்லாமல் மெமரியில ஏத்த ஏலாது. ஆனா புள்ளி வச்சு எழுதுற பேர் சும்மா கையில இருக்கிற சாமான் மாதிரித் தெரியுது, பின்னால நெட்வேர்க் ஓடுறது லூப் எழுதுறவருக்கு எப்பிடித் தெரியும்? எடுத்துவா எண்டு பேரிலயே விளங்குற ஒரு மெதட்டா மாத்துங்கோ, ஐ.டி. லிஸ்ட் ஒண்டைக் குடுத்தா மொத்தமா எடுக்கிற மெதட் ஒண்டும் வையுங்கோ. எடுத்ததை டிஸ்க்ல சேமிச்சு, எண்டைக்கு எடுத்தது, எந்த வேர்ஷன் எண்டும் கூடவே எழுதுங்கோ.

கேள்வி: புரோட்டீன்.ஜீன் ஒரு ஜீனைத் திருப்பித் தரவேணுமா, லிஸ்டா?

பதில்: லிஸ்ட். யூனிப்ரொட்ல பி69905, மனிசரின்ர ஹீமோகுளோபின் அல்ஃபா, அந்த ஒரு என்ட்ரிக்கு எச்.பி.ஏ.1, எச்.பி.ஏ.2 எண்டு ரெண்டு ஜீன், ரெண்டும் ஒரே புரோட்டீனைத்தான் செய்யுது. அல்ஃபா தலசீமியாவில ஆருக்கு எத்தின ஜீன் இல்லை எண்டதுதான் கேள்வியே, முதலாவதை மட்டும் திருப்பித் தாற கோடு அந்தக் கேள்வியையே அழிச்சுப்போடும்.

கேள்வி: ஒப்ஜெக்டைத் தேடி எடுக்கிற அடையாளமா, கீயா, ஜீன் பேரையே வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எக்செல் திகதியா மாத்துது எண்டதால மார்ச்1 எண்ட ஜீன் மார்ச்எஃப்1 ஆச்சு, செப்ட்1 செப்டின்1 ஆச்சு. ஐ.டி.யை வையுங்கோ, எச்.பி.பி.க்கு என்.சி.பி.ஐ. ஜீன் ஐ.டி. 3043. அக்செஷன் (டேட்டாபேஸ் ஒரு பதிவுக்குக் குடுக்கிற அடையாள இலக்கம்) எண்டா புள்ளிக்குப் பிறகு வாற வேர்ஷன் இலக்கத்தையும் வெட்டாமல் வையுங்கோ.

கேள்வி (டொக்டர் ஒருவர்): ஒரு வேரியன்டுக்கு ஃப்ரீக்வென்சி (ஆக்களில எவ்வளவு பரவலா இருக்கு எண்ட அளவு) கிடைக்காட்டி 0 போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதேங்கோ டொக்டர். 0 எண்டா தேடிப் பாத்து ஒருத்தரிலயும் இல்லை எண்ட அர்த்தம், வெறுமை எண்டா தேடவே இல்லை எண்ட அர்த்தம். பல நாட்டு ஆக்களின்ர ஜீனோமை வாசிச்ச 1000 ஜீனோம்ஸ் திட்டத்தில எங்கட ஆக்கள் எண்டு எஸ்.டி.யு. குரூப் ஒண்டு இருக்கு, இங்கிலாந்தில இருக்கிற இலங்கைத் தமிழர் 102 பேர். அதில தேடி ஒரு வேரியன்ட் கிடைக்காட்டி அது ஆளுக்கு ரெண்டு கொப்பி எண்டு 204ல 0, அவ்வளவுதான். ஆயிரத்தில ஒருத்தர் காவுற வேரியன்ட் அந்த 102 பேரில காணாமல் போறது சாதாரணம். அதால ஃப்ரீக்வென்சியை ஒற்றை இலக்கமா வைக்காமல் எத்தின குரோமோசோம் கொப்பியில எத்தின, எந்த குரூப்ல எண்டு மூண்டையும் ஒரே ஒப்ஜெக்டா வையுங்கோ, டேட்டா இல்லாட்டி அந்த ஒப்ஜெக்டே இருக்கக்கூடாது. கவுன்சலிங்குக்கு வந்து முன்னால இருக்கிற தம்பதிக்கு 'இந்த மியூட்டேஷன் எங்கட ஆக்களில இல்லை' எண்டு சொல்ல முதல் அந்த 204 ஸ்கிரீன்ல தெரியவேணும்.