டுராங்கோவிலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள சான் ஹுவான் மலைச்சாலையையும் அதன் பழைய சுரங்க ஊர்களையும் ஒரே நாளில் காரில் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். டுராங்கோவில் தொடங்கி சில்வர்ட்டன், யூரே, ரிட்ஜ்வே, டெல்லுரைட், கார்ட்டெஸ் ஆகிய ஊர்ப்பக்கங்களைத் தொட்டு மீண்டும் டுராங்கோவுக்கே வந்து சேரும் இந்த வட்டச்சாலையின் நீளம் 236 மைல், அதாவது ஏறத்தாழ 380 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஆறு, ஏழு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே, ஒரு நாள் மட்டுமே கையில் இருப்பவர்கள் முழு வட்டத்தையும் சுற்ற ஆசைப்படாமல், டுராங்கோவுக்கும் யூரேக்கும் இடைப்பட்ட எழுபது மைலை மட்டும் போய்த் திரும்புவதே நல்லது என்பேன். முதல் முறை நாங்கள் முழு வட்டத்தையும் சுற்றினோம். டெல்லுரைட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. அன்று பார்த்தவற்றில் பாதிக்கு மேல் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தவைதான். மறு ஆண்டு செப்டம்பர் கடைசியில், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருந்த நேரத்தில், அந்த எழுபது மைலுக்கு ஒரு பகல் முழுவதையும் கொடுத்தபோதுதான் இந்த ஊர்கள் ஏன் இங்கே தோன்றின என்பது எனக்குப் புரிந்தது.

இவை எல்லாம் வெள்ளிக்காகப் பிறந்த ஊர்கள். யூட் பழங்குடியினரின் நிலமாக இருந்த இந்த மலைகள், 1873ஆம் ஆண்டின் புருனோ உடன்படிக்கையின் மூலம் அவர்கள் கையை விட்டுப் போயின; அதற்கு அடுத்த ஆண்டே சில்வர்ட்டன் உருவாகிவிட்டது. 1880இல் ஒரு ரயில் நிறுவனம் டுராங்கோவை நிறுவியது. 1882 ஜூலையில் அங்கிருந்து சில்வர்ட்டனுக்கு ரயில் போய்ச் சேர்ந்தது. மூன்றடி அகலத் தண்டவாளத்தில், அனிமாஸ் ஆற்றை ஒட்டி 45 மைல் ஏறும் அந்த ரயில் இன்றும் நீராவி எஞ்சினுடன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. உடன்படிக்கையில் பங்கேற்ற யூட் தலைவர் யூரேயின் பெயரையே, அவர் மக்கள் இழந்த நிலத்தில் எழுந்த ஊர் ஒன்று தாங்கி நிற்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர் 1880இல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய மக்களில் பெரும்பகுதியினர் யூட்டா பகுதிக்கு வெளியேற்றப்பட்டனர்.

டுராங்கோவில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கோல் பேங்க் கணவாயையும், 10,910 அடி உயரமுள்ள மோலாஸ் கணவாயையும் கடந்து இறங்கினால் சில்வர்ட்டன். நண்பகலை ஒட்டி ரயில் வந்து சேர்ந்ததும் ஊரில் கூட்டம் நிறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே நடந்து பார்த்துவிடுவது நல்லது. ஊர் 9,300 அடிக்கு மேல் இருப்பதால் நான்கு தெரு நடந்தாலே மூச்சு வாங்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். கிரீன் தெருவில் தார் போட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த பிளேர் தெரு இன்னும் மண் தெருவாகவே இருக்கிறது.

சில்வர்ட்டனிலிருந்து யூரே வரையிலான ஏறத்தாழ 25 மைலைத்தான் மில்லியன் டாலர் ஹைவே என்கிறார்கள். 11,018 அடி உயரமுள்ள ரெட் மவுண்டன் கணவாயைத் தாண்டியதும் ஒதுங்கி நிற்க ஓர் இடம் வரும். அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். எதிரே இரும்புத் துருவின் நிறத்தில் மலைகளும், அவற்றின் அடியில் யாங்கி கேர்ல் சுரங்கத்தின் மரக் கட்டடமும் தெரியும். பலகைகள் வெயிலிலும் பனியிலும் சாம்பல் நிறமாகிவிட்ட அந்தக் கட்டடத்துக்குக் கீழே சுரங்கக் குழி ஆயிரம் அடிக்கும் மேல் இறங்கியது. அதில் ஊறிய நீரின் அமிலம் இரும்புக் குழாய்களையே அரித்ததாம். 1893இல் வெள்ளியின் விலை சரிந்ததும் இந்தப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. சாலையோரம் ஓடும் ஓடையை எட்டிப் பாருங்கள்: கூழாங்கற்களின் மேல் ஆரஞ்சு நிறப் படிவு கனமாக ஒட்டியிருக்கும். மலையில் இயல்பாகவே உள்ள தாதுக்களும் கைவிடப்பட்ட சுரங்கங்களின் கசிவும் சேர்ந்து ஏற்படுத்தியது அது. 2015 ஆகஸ்டில் சில்வர்ட்டனுக்கு மேலுள்ள ஒரு பழைய சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ முப்பது லட்சம் கேலன் கழிவுநீர் பாய்ந்தபோது, அனிமாஸ் ஆறே டுராங்கோ வரை அந்த நிறமாக மாறியது.

அதன் பிறகு வரும் பள்ளத்தாக்குதான் பலரும் அஞ்சும் பகுதி. சாலையோர வெள்ளைக் கோடு முடிந்த இடத்திலேயே பாதாளம் தொடங்குகிறது. பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, ஏனெனில் பனி அகற்றும் வண்டிகள் பனியை அந்த விளிம்பின் வழியாகத்தான் கீழே தள்ள வேண்டும். 1970, 1978, 1992 ஆகிய ஆண்டுகளில் அவ்வண்டிகளின் ஓட்டுநர்கள் பனிச்சரிவில் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் சாலையோரத்தில் இருக்கிறது. இதே பள்ளத்தாக்கில்தான் 1880களில் ஆட்டோ மியர்ஸ் என்பவர் பாறையை வெட்டிச் சுங்கச்சாலை அமைத்தார். பேர் கிரீக் அருவியருகே அவருடைய சுங்கச்சாவடி இருந்தது; அருவி இன்று சாலைக்கு அடியில் விழுகிறது.

இங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்வதால், யூரேயை நோக்கிப் போகையில் நீங்கள் மலைச்சுவரை ஒட்டியே ஓட்டுவீர்கள். திரும்பும்போது விளிம்பு உங்கள் பக்கம் வந்துவிடும். இந்த வேறுபாட்டை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அச்சம் பாதியாகக் குறையும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கீழ் கியரில் ஓட்டுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்க இடம் வரும்போது வழிவிட்டு விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகலில் இடியுடன் மழை வருவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இந்தச் சாலைக்கு முதல் முறையாக வருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

யூரேயில் மூன்று பக்கமும் பாறைச்சுவர்கள் எழுந்து நிற்கும். பாக்ஸ் கேன்யன் அருவியைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் வெந்நீர் ஊற்றுக் குளத்தில் இறங்குங்கள். செப்டம்பரில் மூன்றரை மணிக்கு அங்கிருந்து கிளம்பினால், பள்ளத்தாக்கை நல்ல வெளிச்சத்தில் கடந்து, காலையில் நின்ற அதே இடத்துக்கு மீண்டும் வந்து சேரலாம். காலையில் நிழலில் மங்கிக் கிடந்த அந்தச் சிவந்த மலைகளின் மேல் இப்போது மேற்கு வெயில் நேராக விழும். இன்னும் ஒரு முறை காரை நிறுத்துங்கள்.