ஒரே சென்சார் போதுமா?

கேள்வி: டின் ஆக்சைடு கேஸ் சென்சார் ஒன்று வைத்திருக்கிறேன். சானிடைசரைக் காட்டினாலும் எண் ஏறுகிறது, லைட்டர் வாயுவைக் காட்டினாலும் ஏறுகிறது. ஒரு மணத்தில் என்னென்ன வாயு, எவ்வளவு இருக்கிறது என்று இதில் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இது ஒன்றை மட்டும் வைத்து முடியாது. சென்சாரில் கோளாறு எதுவும் இல்லை. உள்ளேயிருக்கும் ஹீட்டர் டின் ஆக்சைடை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வைத்திருக்கும். அந்தச் சூட்டில் காற்றின் ஆக்சிஜன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரியக்கூடிய வாயு எது வந்தாலும் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிய, எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை இறங்கிவிடும், நீங்கள் பார்க்கும் எண் ஏறும். வந்தது எத்தனாலா, பியூட்டேனா என்று அதற்குத் தெரியாது.

அதனால்தான் ஒரே வாயுவுக்கு வெவ்வேறு அளவில் எண் காட்டும் பல சென்சார்களைச் சேர்த்து வைக்கிறார்கள். 1982-இல் பெர்சாட், டாட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘நேச்சர்’ இதழில் காட்டிய வழி இது. நம் மூக்கிலும் மணத்தை உணரும் சுமார் 400 வகை ஏற்பிகள் இப்படித்தான் கூட்டாக வேலை செய்கின்றன. ஆனால் இப்படிச் சென்சார்களைச் சேர்த்துச் செய்த மின்னணு மூக்கு தருவது, எல்லா எண்களும் சேர்ந்த ஒரு வடிவம்தான். முன்பே காட்டிப் பழக்கிய மணத்தை அடையாளம் காட்டும், பட்டியல் போட்டுத் தராது.

பட்டியல் வேண்டுமென்றால் கலவையைப் பிரித்தே ஆக வேண்டும். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற பிரிக்கும் கருவியில் நீண்ட மெல்லிய குழாய் வழியே போகும் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். மணத்தை ஆராயும்போது அப்படி வெளியே வருவதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அளவு காட்டும் கருவிக்கும் மறுபாதியை ஒருவர் மூக்குக்கும் அனுப்புவோம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. திரையில் பெரிய முகடு எழும், மூக்குக்கு ஒன்றுமே தெரியாது. கோடு அசையாமல் கிடக்கும் இடத்தில் முகர்பவர் சட்டென்று கையைத் தூக்குவார். அளவு வேறு, மணம் வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். அதுவே பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். அந்த வாயுவை மட்டும் முகர்ந்து சோதிக்கவே கூடாது.

சரி, உங்கள் சென்சாரை விட்டுவிட வேண்டாம். கூடவே வேறு வகைச் சென்சார்கள் மூன்று நான்கைச் சேருங்கள். ஈரப்பதமும் வெப்பநிலையும் அளவீட்டை நன்றாகவே மாற்றிவிடும், அவற்றையும் பதிவுசெய்யுங்கள். அப்புறம், தனித்தனி வாயுவை மட்டும் காட்டிப் பழக்காமல், அளவு தெரிந்த கலவைகளையும் காட்டுங்கள். இரண்டு வாயு சேர்ந்தால் வரும் எண், தனித்தனி எண்களின் கூட்டுத்தொகையாக இருக்காது.