புளிக்கிற தேன் கள்ளத் தேனா?

கேள்வி: வணக்கம் அக்கா. போன மாதம் சுங்கை சிப்புட் பசார் மாலத்தில் (இரவுச் சந்தை) இரண்டு போத்தல் தேன் வாங்கினேன். கெலுலுட் என்று கொடுத்தது தண்ணீர் மாதிரி ஓடுகிறது, வாயில் வைத்தால் ஒரே புளிப்பு, நேற்று மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வேறு. இன்னொன்று பால்மரத் தேனாம், அதுதான் ரப்பர் மரத் தேன், பாதி போத்தல் சீனி மாதிரி உறைந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் கிளாஸ் தண்ணீரில் ஊற்றிப் பார்த்துவிட்டு இரண்டும் கள்ளம் என்கிறார். திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்லும் குறை எதுவும் கள்ளத் தேனுக்கு அடையாளம் இல்லை. அந்தத் தண்ணீர் சோதனையை முதலில் விடுங்கள், அது தேன் கெட்டியா இளக்கமா என்று மட்டும்தான் காட்டும். நன்றாகக் காய்ச்சிய சீனிப் பாகும் கிளாஸ் அடியில் போய்த்தான் உட்காரும்.

கெலுலுட் என்பது கொட்டாத சின்னத் தேனீ, நம் ஆட்கள் கொசுத்தேனீ என்று சொல்வது. பிசினும் மெழுகும் குழைத்துக் குட்டிக் குட்டிப் பானை கட்டி அதில்தான் தேனைச் சேர்க்கும். அந்தத் தேனில் ஈரம் அதிகம். சாதாரணத் தேனில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பது உலக அளவிலான வரம்பு, ஆனால் கெலுலுட்டுக்கென்று 2017இல் வந்த மலேசியத் தரநிலையே பதப்படுத்தாத தேனுக்கு 35 வரை விடுகிறது. அவ்வளவு ஈரம் இருந்தால் போத்தலுக்குள்ளேயே கொஞ்சம் புளித்து காற்று சேரும். ஐஸ்பெட்டியில் வையுங்கள், மூடியை மெதுவாகத் திறங்கள். புளிப்பே இல்லாமல் கெட்டியாக, வெறும் தித்திப்பாக ஒருவர் கெலுலுட் விற்றால்தான் நான் இரண்டு கேள்வி கேட்பேன்.

பால்மரத் தேன் உறைவது அதன் குணம். இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும், தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூவைக்கூட இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கே இது பாதிப் பேருக்குத் தெரியாது! கன்னியாகுமரிப் பக்கம் மார்த்தாண்டத்தில் எடுப்பதும் பெரும்பாலும் ரப்பர் தேன்தான். போத்தலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும், அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை வாங்கும்போது எந்த மரம், எந்தத் தேனீ என்று கேளுங்கள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். துவாலாங் என்றால் கெடா மாநிலத்துப் பெடு பக்கம் மாதிரி காடுகளில் வானளவு மரத்தில் மலைத்தேனீ கட்டுவது, கருத்த நிறம், வாசம் தூக்கலாக இருக்கும். அக்காசியா என்ற பெயரில் கொஞ்சம் உஷார். ஐரோப்பாவிலிருந்து வருவது வெளிறி, சீக்கிரம் உறையாமல் இருக்கும். நம் ஊர் அக்காசியா வேறு மரம், வேறு ருசி. மூன்று பெயர் ஒட்டிய மூன்று போத்தலிலும் ஒரே நிறம் ஒரே ருசி என்றால் நடையைக் கட்டுங்கள்.

நானும் ஏமாந்தவள்தான். தீபாவளிக்கு முன் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரிடம், தேனடைத் துண்டும் நாலு செத்த தேனீயும் மிதந்ததை நம்பி 60 வெள்ளி கொடுத்தேன், உள்ளே இருந்தது சீனிப் பாகு. பெரியம்மா, "மாடு, மாடுன்னு கத்துறானே, மாட்டையா விக்கிறான்?" என்று கேட்டபோதே உள்ளே போயிருக்கலாம். மலாயில் தேனுக்கு மாடு என்று பெயர்.

கேள்வி: மகளுக்குப் பிரசவ நேரம். பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்க எந்தத் தேன் நல்லது?

பதில்: எந்தத் தேனும் வேண்டாம் அம்மா. ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது. சுத்தமான தேனிலும் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகி உடம்பையே தளர வைத்துவிடும். காய்ச்சினாலும் அது சாகாது. தாய்மாமன் மடியில் வைத்துக் கொஞ்சட்டும், சேனை வேண்டாம்.