கடைத்தெருக் கேள்வி-பதில்: ஓட்டத்தை அளக்கும் கருவிகள்

தேவகோட்டை, கபடிப் பயிற்சியாளர்: எங்கள் பையன்களுக்கு ஜிபிஎஸ் பனியன் பத்து வாங்கப் போகிறோம். யார் எவ்வளவு ஓடினார் என்று மீட்டர் சுத்தமாகக் காட்டுமாம். வாங்கலாமா?

கபடிக்கு வேண்டாம். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து, ரெய்டு போகிறவர் தாண்ட வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர். வானம் தெரியும் திறந்தவெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னேதான் இடம் சொல்லும். விளையாட்டுக்கென்றே செய்த கருவிகள் இதைவிட மேல்தான். வினாடிக்கு 10 முறை இடம் குறிப்பவை, கால்பந்து மைதானத்தில் மொத்த ஓட்டத்தை நன்றாகவே சொல்கின்றன. ஆனால் குறுகிய இடத்தில் பாய்ந்து சட்டென்று திரும்பினால் அவையும் தடுமாறும். கபடி முழுக்க அதுதானே? உள்ளரங்கில் மேட் போட்டு ஆடினால் சிக்னலே ஒழுங்காகக் கிடைக்காது.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதைப் பல விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. பெட்டி மேல் 'துல்லியம்' என்று மட்டும் பெரிதாகப் போடுகிறார்கள். வினாடிக்கு ஒரே முறை அளக்கும் கருவி, வளைந்து போய்த் திரும்பி வந்த பையனின் பாதையை நேர்கோடாக்கித் தூரத்தைக் குறைத்துவிடும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து ஆடிய பையனை 'ஓடவில்லை' என்று உட்கார வைக்கிறார்கள். இது அநியாயம். அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கிப் போனை நிறுத்தி ஆட்டத்தைப் படம் பிடியுங்கள். எத்தனை ரெய்டு, எத்தனை பிடி என்று நீங்களே எண்ணலாம்.

பள்ளத்தூர், கால்பந்து வீரர்: ஒரே ஆட்டத்தில் என் வாட்ச் 8.1 கிலோமீட்டர், அண்ணன் வாட்ச் 9 காட்டியது. எது சரி?

நீங்கள் இருவரும் ஒரே பாதையிலா ஓடினீர்கள்? அப்படியே ஓடியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். உங்கள் வாட்சில் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: பேரனுக்குக் கையில் கட்டும் பட்டை வாங்கிக் கொடுத்தேன். கழற்றி மேசைமேல் வைத்தாலும் நாடித்துடிப்பு 80 என்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார்.

உங்கள் மேல் தப்பே இல்லை ஆச்சி. நானும் இப்படி ஒன்று வாங்கினேன். சுருட்டிய துண்டில் கட்டினேன். பச்சை விளக்கு மினுக்கி, துண்டுக்கும் ஒரு துடிப்பு காட்டியது. கடைக்காரர் பார்த்துவிட்டு, 'எல்லாம் இப்படித்தான்' என்றார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. பட்டையின் ஒளி ஒரு பொருள்மேல் பட்டுத் திரும்பினாலும், அதைத் துடிப்பு என்று எண்ணிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. மணிக்கட்டில் ஒளியை வைத்து அளப்பவை வேகமாக ஆடும்போது பிசகும், அது வேறு. மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிப்பதால் நம்பகமானது. மேசைக்குத் துடிப்பு காட்டுவதை மட்டும் வைத்துப் பழுதான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. பேரன் கையில் கட்டி, சும்மா உட்கார வைத்து, விரலால் நாடியை எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போதும் ரொம்பப் பிசகினால் அதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் கடைக்காரர் மசியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். 5 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

காரைக்குடி: வாட்ச் காட்டும் கலோரியை வைத்து அணிக்குச் சாப்பாடு திட்டமிடலாமா?

கூடாது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் இருந்ததிலேயே நல்லதுகூடச் சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

கோட்டையூர்: ஆன்லைனில் பழைய ஜிபிஎஸ் பனியன் வாங்கினேன். முந்தையவரின் கணக்கு பூட்டியிருக்கிறது. பில் இல்லை, விற்றவர் போனும் எடுப்பதில்லை.

பணம் கொடுக்கும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாமே! பணம் அனுப்பிய ரசீதும் பேசிய மெசேஜும் இருந்தால் சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு இன்றே பேசுங்கள். அதுவும் இல்லையென்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.