கன்றுக்குப் பால்பொடி: கேட்டவர்களுக்கான பதில்கள்

என் கன்று 40 கிலோ. பாலுக்குப் பதிலாகக் கன்றுக்கென்றே விற்கிற பால்பொடியை, பையில் போட்டிருக்கிறபடி நாளுக்கு 4 லிட்டர் கரைத்துக் கொடுக்கிறேன். கழிச்சல் இல்லை, ஆனாலும் வளரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பசிதான். லிட்டருக்கு 125 கிராம் என்றால் நாளுக்கு 500 கிராம் பொடி. அதில் 340 கிராம் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் நிற்க நடக்கவுமே போய்விடும், மீதிதான் வளர்ச்சிக்கு. மூன்று வாரம் ஆகாத கன்றாக இருந்து, குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த மீதியும் குறையும். தாயோடு விட்ட கன்று தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் பால் குடிக்கும், அதை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 6 லிட்டருக்குக் கொண்டு வாருங்கள், முடிந்தால் மூன்று வேளையாகப் பிரித்து. குடித்து முடித்தும் காலி வாளியை முட்டிக்கொண்டே நின்றால் இன்னும் போதவில்லை.

புரதம் 20 சதவீதமா, 26 சதவீதமா?

4 லிட்டரோடு நிறுத்துவதானால் 20 போதும். கூட்டிக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் 26 வாங்குங்கள், எலும்பும் தசையும் புரதத்தில்தான் வளரும். 20-ஐ அள்ளிக் கொடுத்தால் கன்று உயராமல் கொழுப்புதான் ஏறும். அதைவிட முக்கியம், புரதம் எதிலிருந்து வந்தது என்பது. முதல் மூன்று வாரத்துக்குப் பால் புரதம்தான் நன்றாகச் செரிக்கும், சோயா மாவு சரியாகச் செரிக்காது. பையில் நார்ச்சத்து எவ்வளவு என்று பாருங்கள்: பாலில் நார் கிடையாது, எண் கூடுதலாக இருந்தால் தாவரப் புரதம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதிகம் கொடுத்தால் கழியாதா?

நானும் அப்படிப் பயந்தவன்தான். ஆரம்பத்தில் பொடியைக் கையால் அள்ளிப் போடுவேன், காலையில் கெட்டியாக இருக்கும், மாலையில் தண்ணீராக இருக்கும், கன்றுகள் மாறி மாறிக் கழிந்தன. தராசு வாங்கி நிறுத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. பெரும்பாலும் கிருமியும், கழுவாத வாளியும், தினம் மாறுகிற கலவையும்தான் காரணம், அளவு இல்லை. 125 கிராமை முதலில் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அப்புறம் மொத்தம் 1 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். 1 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் போட்டால் கலவை நீர்த்துவிடும். குடிக்கும்போது 39 டிகிரி சூடு இருக்கட்டும்.

கழிந்தாலும் பாலை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. உப்புக் கரைசலை (கழிச்சலுக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ்.) பாலில் கலக்காமல் இடைவேளையில் தனியாகக் கொடுங்கள். கன்று எழ முடியாமல் கிடந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பாலை எப்போது நிறுத்தலாம்?

வயதைப் பார்க்காதீர்கள், தீவனத்தைப் பாருங்கள். பெரிய இனக் கன்று தொடர்ந்து 3 நாள் தினமும் 1 கிலோ கன்றுத் தீவனம் (தானியம் சேர்ந்தது) தின்ற பிறகு, பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். அசைபோடும் வயிறு, அதாவது முதல் வயிறு, வளர்வது தானியம் புளித்து உண்டாகும் அமிலத்தால்தான். வைக்கோலை மட்டும் தின்ற கன்றுக்கு வயிறு பானை மாதிரி தொங்கும், முதுகெலும்பு துருத்தும், அது வளர்ச்சி இல்லை.

பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீரும் வேண்டுமா?

வேண்டும், நான்காம் நாளிலிருந்தே. மாட்டு வயிற்றில் நான்கு அறைகள், பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். தீவனம் புளிக்கிற முதல் வயிற்றுக்குத் தண்ணீர் கிடைப்பது தொட்டியில் குடிக்கிறதிலிருந்துதான். தண்ணீர் வைக்காத கன்று தீவனத்தைச் சரியாகத் தொடாது.